மாரீஸ்வரியின் ரத்தம்

முதலில் மன்னிப்பு. பத்தாவது வரை படித்தவன், பதினெட்டு வருஷம் பஞ்சு மில்லில் நூல் கோன் சுற்றியவன், நாலு பேர் கூடினால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன் — எனக்கு எதற்கு வாராவாரம் ஒரு பக்கம்? எனக்கே தெரியவில்லை. பத்திரிகை ஆசிரியர் கேட்கிறார், எழுதுகிறேன். பேசுவதைவிட எழுதுவது சுலபமாக இருக்கிறது. எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை பாருங்கள்.

இந்த வாரம் சொல்லப்போவது அந்தக் கூச்சம் செய்த வேலையைப் பற்றித்தான். அதனால் இரண்டாவது மன்னிப்பையும் இப்போதே கேட்டுவிடுகிறேன்.

என் வேலை என்னவென்று வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சுருக்கமாக... ராஜபாளையத்தில் ஒரு மருத்துவ ஆராய்ச்சித் திட்டத்தில் நான் களப்பணியாளர். வயலை விட்டு மில்லுக்குப் போனவர்களுக்கு என்ன நோய் வருகிறது, வயலிலேயே இருப்பவர்களுக்கு என்ன வருகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. ஒரு காலத்தில் சர்க்கரை என்றால் பணக்கார வியாதி என்றார்கள். இப்போது? ஷிப்ட் வேலை வந்தது, ராத்திரி புரோட்டா வந்தது, நடந்த தூரத்துக்கெல்லாம் மினி பஸ் வந்தது. பின்னாலேயே சர்க்கரையும் பிரஷரும் வந்துவிட்டன. யாருக்கு, எதனால், எந்த வயதில்? கண்டுபிடிக்க வேண்டாமா?

கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவது போல வீட்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அவர் காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும். ஜெயராணி சிஸ்டர் குனிந்து நரம்பைத் தேடி ரத்தம் எடுப்பார், முகம் பார்க்க அவருக்கு நேரமிருக்காது. நான் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, குப்பியில் பெயர் ஒட்டுவேன். ஒட்டுவதற்கு முன் ஆதார் அட்டையையும் ஆளின் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதுதான் விதி.

விதி சரி. ஒரு பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, அட்டையைப் பார்த்து, மறுபடி முகத்தைப் பார்த்து... எனக்கு வராது. நான் பார்ப்பது கையை மட்டும்தான்.

போன வியாழக்கிழமை கான்சாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். மறுபடியும் அங்கே போக வேண்டியிருக்கிறது. சமுதாயக் கூடத்தில் முகாம். பதினோராவதாக ஒரு கை மேஜைமேல் வந்தது. மெலிந்த கை. நரம்பே பிடிபடவில்லை. உள்பக்கம் பச்சை குத்திய தேள். தேளின் வால் இருக்க வேண்டிய இடத்தில் பழைய தீக்காயத் தழும்பு. வால் இல்லாத தேள்.

"மாரீஸ்வரிங்களா?" என்றேன், தேளைப் பார்த்து.

"ஆமா, மாரீஸ்வரி பேருக்கு வந்திருக்கேன்."

சிலர் அப்படியும் பேசுவார்கள் என்று நினைத்தேன். பெயரை ஒட்டினேன்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு லேபிலிருந்து போன். மாரீஸ்வரி, முப்பத்தெட்டு வயது, மில் தொழிலாளி. வெறும் வயிற்றுச் சர்க்கரை நானூற்று எண்பது.

திட்டத்தின் டாக்டரம்மா அடுத்த நிமிஷமே கூப்பிட்டார். "மாத்திரை எழுதி அனுப்புற அளவு இல்ல இது. இன்னைக்கே ஆளைக் கண்டுபிடிங்க. ஆஸ்பத்திரியில சேருங்க. அப்புறம் எனக்கு போன் பண்ணுங்க."

கண்டுபிடிப்பது சுலபமாகத்தான் தெரிந்தது. படிவத்தில் மில்லின் பெயர் இருந்தது. முதல் ஷிப்ட். ராஜபாளையத்திலேயே, எங்கள் ஆபீசிலிருந்து பத்து நிமிஷம். லேப் அனுப்பிய ரிசல்ட் தாளை எடுத்து, ஜெயராணி சிஸ்டரை ஏற்றிக்கொண்டு என் டிவிஎஸ் வண்டியில் போனேன். வாட்ச்மேன் நான் வேலை பார்த்த காலத்து ஆள். உள்ளே சொல்லி அனுப்பினார்.

தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு ஒரு பெண் கேட்டுக்கு வந்தார். சிஸ்டர் விஷயத்தைச் சொன்னார்.

"சர்க்கரையா? எனக்கா?" அவர் சிரித்தார். "இப்பத்தான் சிஸ்டர் டீயில ரெண்டு பன்னு முக்கித் தின்னுட்டு வாரேன்."

"சிரிக்காதீங்க. தண்ணி ரொம்பத் தவிக்குதா? ராத்திரி நாலஞ்சு தடவை எந்திரிக்கீங்களா? உடம்பு எளைச்சிருக்கா? கால்ல ஆறாத புண்ணு எதும் இருக்கா?"

கடைசிக் கேள்விக்குச் சிரிப்பு நின்றது. ரிசல்ட் தாளை வாங்க நீட்டிய கையும் பாதியில் நின்றது. நான் வழக்கம்போல அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பருத்த, வெளுத்த கை. பச்சை குத்தல் இல்லை. தழும்பு இல்லை.

"சிஸ்டர்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "நான் ரப்பர் கட்டுனது இந்தக் கையில இல்ல."

மாரீஸ்வரி தாளை வாங்கவில்லை. "போலீசுக்குப் போயிருவியளா அண்ணாச்சி?" என்றார்.

"யாரும் போலீசுக்குப் போகல. அன்னைக்கு வந்தது யாரு?" என்றேன்.

"நான் வந்தா ஒரு ஷிப்ட் போயிரும். நூறு நாள் வேலைக்குக் கார்டுல எம்பேரு, போறது எங்க அக்காதான். ரேசன் கடை வரிசைக்கும் அதுதான். பிள்ளைய பள்ளிக்கூடத்துல மீட்டிங்னு கூப்பிட்டாலும் அதுதான் போவும். இதுக்கும் வீட்டுக்கு ஒரு ஆளுன்னுதான சொன்னிய? ஒரு ஆளு வந்தாப் போதும்னு நெனச்சோம்."

"கூடப் பிறந்த அக்காவா?" சிஸ்டர் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. பெரியவரு எறந்து பத்து வருசமாச்சு. எங்க கூடத்தான் இருக்கு. பேரு ஆண்டாள்."

"கால்ல புண்ணு?"

"ஒரு மாசமா இருக்கு. கரும்புத் தோகை கீறிருச்சு. சுண்டுவெரலு கருத்துப் போச்சு. மஞ்சள வச்சுக் கட்டிக்கிட்டு அலையுது. ஆஸ்பத்திரிக்குப் போக்கான்னு நானும் சொன்னேன். பொறவு போறேன், பொறவு போறேன்னுச்சு."

"இப்ப எங்க இருக்காங்க? வீட்டுலயா?"

மாரீஸ்வரி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "மலைக்குப் போயிருக்கு. இன்னைக்குப் புரட்டாசி மூணாவது சனியில்லா. எம் மூத்த பொண்ணு போலீஸ் செலக்சனுக்குப் போறா, அவளுக்காக நேர்ந்திருக்கு. நேத்துச் சாயந்தரத்துல இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. செருப்பும் போடல."

இங்கே மலை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் திருவண்ணாமலைதான். சிவன் கோயில் இருக்கிற வடக்குத் திருவண்ணாமலை இல்லை, இது பெருமாள் மலை. புரட்டாசிச் சனிக்கிழமையில் அங்கே தரை தெரியாது, தலைதான் தெரியும்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு என்னுது மேடம், முகத்தைப் பார்க்கலை" என்றும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "அந்தச் சர்க்கரையோட தண்ணிகூட இல்லாம வெயில்ல மலை ஏறினா நினைவு தப்பிடும். அந்தக் காலை வெச்சுக்கிட்டு வெறுங்காலோட வேற. ஏற விடாதீங்க. ஏறிட்டாங்கன்னா தூக்கிட்டு இறக்குங்க." அதே குரலில் கேட்டார். "இதுவரைக்கும் எத்தனை பேர் முகத்தைப் பார்த்துப் பேரு ஒட்டியிருக்கீங்க?"

போனைச் சட்டைப் பையில் போட்டேன். பதில் அவருக்கும் தெரிந்திருக்கும்.

"போட்டோ இருக்கா?" என்று சிஸ்டர் மாரீஸ்வரியிடம் கேட்டார். ஆண்டாளம்மாவிடம் போன் கிடையாது. வாட்ச்மேனிடம் கொடுத்து வைத்திருந்த தன் போனை வாங்கி மாரீஸ்வரி தள்ளிக்கொண்டே போனார். மகள்கள், கணவர், குற்றாலம், வீட்டு ஆட்டுக்குட்டி, மறுபடி மகள்கள்... நூறு போட்டோ இருக்கும். கடைசியில் சின்னவளின் சடங்குப் பந்தி. படத்தின் ஓரத்தில் சாம்பார் வாளியைப் பிடித்த ஒரு கை. அவ்வளவுதான். அந்த மனுஷியின் மீதி உடம்பு படத்துக்கு வெளியே நின்றிருந்தது.

கையில் வால் இல்லாத தேள்.

"இதுல அக்கா நல்லா விழல," என்றார் மாரீஸ்வரி. "நீங்க போங்க அண்ணாச்சி, நான் பெர்மிசன் சொல்லிட்டு பஸ்ல வாரேன்."

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் எத்தனை தூரம்? வண்டியில் போனால் அரை மணிக்கு உள்ளேதான். அன்றைக்கு ரோடு முடியவே இல்லை. வேன், ஷேர் ஆட்டோ, நடந்து போகிறவர்கள், மொட்டைத் தலைகள். நொண்டி நடந்த ஒவ்வொரு பெண்ணுக்குப் பக்கத்திலும் வண்டியை மெதுவாக்கினேன். சிஸ்டர் பின்னாலிருந்து முதுகில் குத்தினார். "கையப் பாக்காம ரோட்டப் பாருங்க அண்ணாச்சி. நம்மளையும் சேத்துத் தூக்க வேண்டி வந்துரும்."

அடிவாரத்துக்குப் போகும்போது பத்தேமுக்கால். வெயில் ஏறிவிட்டது. படிக்கட்டில் ஜனங்கள் எறும்புச் சாரையாய் நகர்ந்துகொண்டிருந்தார்கள். வரிசையில் யாரை நிறுத்தி என்ன கேட்பது?

காணாமல் போன பிள்ளைகளைக் கூப்பிடுகிற மைக் கூடாரம் ஒன்று இருந்தது. படி நெடுக ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். காவலுக்கு இருந்த பெண் போலீஸ் விஷயத்தைக் கேட்டதும் மைக்கை என் முகத்துக்கு நேரே திருப்பிவிட்டார். "விவரம் உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே பேசுங்க."

சிஸ்டரைப் பார்த்தேன். அவர் சர்க்கரை பார்க்கிற மிஷினைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

"ஆண்டாள்," என்றேன். மலையெங்கும் என் குரல். "ஆண்டாள் அம்மா, எங்க இருந்தாலும் மைக் கூடாரத்துக்கு வரவும். உடம்பு சம்பந்தமான அவசரம்."

வந்தார்கள். ஒருவர் அல்ல, ஆறு பேர்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றுகொண்டு ஆண்டாள் என்று கூப்பிட்டால் வேறு என்ன நடக்கும்? புத்திசாலி ஒருவன் ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருப்பான். எனக்கு அந்த நேரத்தில் நாக்கில் அவ்வளவுதான் வந்தது.

கல்லூரிப் பையோடு ஒரு ஆண்டாள். கைக்குழந்தையோடு ஒரு ஆண்டாள். நான் ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டு போனேன். கருப்புக் குடை பிடித்த ஒரு ஆண்டாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏலே, என்ன எல்லாரு கையையும் பாக்க? ரேகை பாக்கவா மைக்ல கூப்பிட்ட?"

"இல்லம்மா, ஒருத்தங்களத் தேடுதோம்..."

"நான் என்னமோ எம்புருசன் காணாமப் போயிட்டானோன்னு ஓடி வாரேன். போயிருந்தாத் தேட வேண்டாம்னு சொல்லிரு."

சுற்றி நின்ற ஆண்டாள்கள் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. படியிலிருந்து நாலு பேர் ஒரு ஸ்ட்ரெச்சரை இறக்கிக்கொண்டு வந்தார்கள். போர்த்திய துணிக்கு வெளியே ஒரு கை தொங்கியது. நான் ஓடினேன். வயதான ஆண் கை. மூச்சு வாங்கியது எனக்கும், அவருக்கும். நல்லவேளை அவருக்கும் மூச்சு இருந்தது.

இதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. ஆண்டாளம்மா மலைமேல் போயிருந்தால்? மேலே எங்காவது ஒரு நிழலில், தூங்குகிறாள் பாவம் என்று எல்லோரும் தாண்டிப் போகும்படிக் கிடந்தால்?

"இன்னொரு தடவை கூப்பிடுங்க. ஊர் பேரோட," என்றார் சிஸ்டர்.

மைக்கைப் பிடித்தேன். தலைக்குள் ஒரு வார்த்தையும் இல்லை. இன்னொரு கையில் லேப் தாள் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுப்பி நிறுத்தினால் புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பிப்பேன். அதே மாதிரி தாளில் இருந்ததைப் படித்துவிட்டேன். "மாரீஸ்வரி, வயது முப்பத்தெட்டு..." ஊர்ப் பெயர். "...உடனே மைக் கூடாரத்துக்கு வரவும்."

சிஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, அந்தப் பொம்பள பஸ்ல வந்துக்கிட்டிருக்கு. யாரத் தேடுதோம்னே மறந்துட்டியளா?"

நான் மைக்கை வைத்துவிட்டேன். காது இரண்டும் சுட்டது. எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் இறங்குகிற படியில், எல்லோரும் ஏறுகிற திசைக்கு எதிராக, கம்பியைப் பிடித்துப் பிடித்து ஒருவர் வந்தார். வலது காலில் சேலைக் கிழிசல் சுற்றியிருந்தது. குதிகாலை மட்டும் ஊன்றினார். கூடாரத்துக்கு வந்து, மேஜையில் கையை ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"மாரீஸ்வரியக் கூப்பிட்டது ஆரு? அவ வேலைக்குப் போயிருக்கா. அவ பேருக்கு நான் வந்திருக்கேன். என்னன்னு எங்கிட்டச் சொல்லுங்க."

மேஜைமேல் தேள். வால் இல்லை.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. ஐம்பது வயது இருக்கும், அதற்கும் மேலே தெரிந்தது.

"ஆண்டாள்னு மொதல்லயே கூப்பிட்டோமேம்மா. கேக்கலையா?"

"கேட்டுச்சு. இம்புட்டு ஆண்டாள் இருக்காவ, என்னய ஆரு தேடப் போறா?"

சிஸ்டர் அவரை உட்காரவைத்துச் சர்க்கரை விவரத்தைச் சொன்னார். ஆண்டாளம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "பாவம், சின்ன வயசுல அவளுக்கு இப்படி வந்துருச்சே" என்றார்.

"மாரீஸ்வரிக்கு இல்லம்மா. உங்களுக்கு."

"தாள்ல அவ பேருதான போட்டிருக்கு?"

"பேரு அவங்க பேரு. ரத்தம் உங்க ரத்தம்."

"அவ பேருக்குக் குடுத்தாச்சுல்லா? பொறவு எப்படி எனக்கு வரும்? நூறு நாள் வேலைக்கு நான் போனாலும் சம்பளம் அவ அக்கவுண்டுக்குத்தான் போவுது."

சிஸ்டர் அவர் விரலை இழுத்துக் குத்தினார். ஒரு சொட்டு. மிஷின் யோசித்தது. எண் வரவில்லை. அளக்க முடியாத அளவு கூடுதல் என்று இரண்டு எழுத்து மட்டும் வந்தது. சிஸ்டர் அதை என்னிடம் காட்டினார், முகம் மாறியிருந்தது. கால் துணியை அவிழ்த்தபோது வந்த வாடையில் பெண் போலீஸ் ஒன்றும் கேட்காமல் ஆம்புலன்ஸுக்கு வயர்லெஸ்ஸை எடுத்துவிட்டார்.

"ஆம்புலன்சு எதுக்கு? பாதி மலை ஏறிட்டேன். செத்த நேரம் உக்காந்துட்டு மிச்சத்த ஏறுதேன்." ஆண்டாளம்மா எழுந்தார். "நேர்ந்தத பாதியில விட்டா பிள்ளைக்கு ஆகாது."

எழுந்தவர் என் பக்கம் ஒரு அடி வைத்தார். அடுத்த அடி இல்லை. கண் சொருகி அப்படியே என் தோளில் சாய்ந்தார். எனக்கு ஒரு பெண்ணைத் தொட்டுத் தாங்கிப் பழக்கமில்லை. தாங்கினேன். கனமே இல்லை, காய்ந்த பருத்திச் செடி மாதிரி.

தரையில் படுக்கவைத்து, தண்ணீர் தெளித்து, சிஸ்டர் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். "ஆண்டாளம்மா... ஆண்டாளம்மா..." எத்தனை நேரம் என்று தெரியவில்லை. நான் கையைப் பார்க்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இமை அசைந்தது.

"மிச்ச மலை..." என்றார்.

கருப்புக் குடை ஆண்டாள் இன்னும் போகாமல் அங்கேதான் நின்றார். குடையை மடக்கிவிட்டுப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். "ஏட்டி, மிச்சத்த உன் பேருக்கு நான் ஏறுதேன். எம்பேரும் ஆண்டாள்தான். பெருமாளுக்கு ஒண்ணும் கணக்குத் தப்பாது. நீ ஆஸ்பத்திரிக்குப் போ."

"எம்பேருக்கா?" என்று ஆண்டாளம்மா கேட்டார். அப்படி ஒன்று இருக்கும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது போல.

ஆம்புலன்ஸ் வந்தது. பின்னாலேயே மாரீஸ்வரியும் வந்து சேர்ந்தார், மில்லில் சேலைமேல் மாட்டும் கோட்டைக்கூடக் கழற்றாமல். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற இடத்தில் "பேரு?" என்று கேட்டார்கள். படுத்தபடியே ஆண்டாளம்மா பழக்கதோஷத்தில் "மாரீ..." என்று ஆரம்பித்தார். மாரீஸ்வரியும் நானும் ஒரே நேரத்தில் குறுக்கே விழுந்தோம். "ஆண்டாள்னு எழுதுங்க." இவ்வளவு சத்தம் எனக்குள் இருக்கிறது என்று எனக்கும் தெரியாது.

அன்று சாயந்தரம் அந்த வீட்டுப் பழைய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ஆறு மாசத்துக்கு முன் நானே போய் எழுதியது. வீட்டில் எத்தனை பேர்? நாலு. கணவன், மனைவி, இரண்டு மகள்கள். எழுதி முடிக்கும்போது ஒரு கை காப்பி டம்ளரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தது. நல்ல காப்பி. குடித்தேன். அந்தக் கை யாருடையது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ரேஷன் கார்டில் அவர் பெயர் இன்னும் பிறந்த ஊரிலேயே கிடக்கிறதாம். எங்கள் கம்ப்யூட்டர் நூறு தடவை சீட்டுக் குலுக்கினாலும் அந்தப் பெயர் விழாது. எப்படி விழும்? போடவே இல்லையே.

எந்தச் சமூகம் எப்படி மாறுகிறது, என்ன நோய் வருகிறது என்று பெரியவர்கள் ஆராயட்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்... வீட்டுக்கு ஒருவர் மில்லுக்குப் போய் மாறினால், அந்த வீட்டின் மற்ற எல்லா வரிசையிலும் போய் நிற்க இன்னொருவர் மாறாமல் இருக்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், சொல்வதற்கு முன் காப்பி கொண்டுவந்த கையையும் எண்ணிவிட்டீர்களா என்று ஒரு தடவை பாருங்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மில் ஓடுகிற நாள்தான். காலையில் ஆண்டாளம்மாவின் வலது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். மாரீஸ்வரி மில்லுக்குப் போகவில்லை. அவர் பேருக்கும் யாரும் போகவில்லை.